நீண்ட சுவரில் பதினோரு படம்

இன்று காலையில் காலேஜ் புதுக் கட்டடத்தின் மேல்மாடி அறையைத் துடைத்துவிட்டுத் துணியைப் பிழிந்தேன். வாளித் தண்ணீர் கறுத்துப் போனது. அடுப்புக்கரி கறுப்பு இல்லை, மண் கறுப்பும் இல்லை. பிள்ளைகள் படம் வரைகிற கரிக்குச்சியின் தூள். போன வருஷம் ஆடியிலிருந்து இந்தக் கறுப்பு உங்கள் வேட்டி ஓரத்தில் ஊட்டுக்கு வந்துகொண்டிருந்தது. கல்லில் அடித்து அடித்துப் பார்ப்பேன், போகாது.

"ஏனுங்க, சும்மா உக்காந்திருக்கற ஆளுக்கு வேட்டி எப்படிங்க கரியாவுது?" என்பேன்.

"சும்மாவா? நீ இருவது நிமிசம் அசையாம உக்காந்து காட்டு பாப்பம். மூக்கு மேல ஈ உக்காந்தாலும் ஓட்டக்கூடாது, தெரியுமா?" என்பீர்கள்.

வாளியை வைத்துவிட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். உங்களிடம் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. மகளிடம் சொல்ல முடியாது, அவள் அழுவாள். அதனால் எழுதுகிறேன். ஐந்தாவதோடு நின்றவள் எழுதுகிற எழுத்து, நீங்கள் குற்றம் பார்க்க மாட்டீர்கள்.

கட்டடம் முடிந்துவிட்டது. நீங்கள் பார்த்தபோது கம்பியும் பலகையுமாக நின்றது. இப்போது இரண்டு மாடி எழும்பி, வாசலில் 'காட்சிக் கலைக் கட்டடம்' என்று பித்தளை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். ஏற்காடு–நாகலூர் பஸ்ஸில் கண்டக்டர் மட்டும் "பொம்மை பில்டிங் எறங்குங்க" என்கிறார். பழைய தகரக் கொட்டகையில் மழை பெய்தால் உங்கள் தலைக்கு மேல் குடை பிடித்துக்கொண்டு வரைவார்கள் என்று சொல்லிச் சிரிப்பீர்களே, அதை இடித்துவிட்டார்கள். நீங்கள் சொல்லிக்கொண்டே இருந்த அறை மேலே இருக்கிறது. வடக்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடி. மேகம் இறங்கினால் அறைக்குள்ளேயே வந்து நிற்கிற மாதிரி இருக்கும். "அங்க வெளிச்சம் ஒரே பக்கமா வருமாம், நெழலு நெளியாதாம். அங்க உக்காரணும்" என்பீர்கள். நீங்கள் போன பிறகு அந்தக் கட்டடத்தைக் கூட்டித் துடைக்கிற வேலையை எனக்குக் கொடுத்தார்கள். எஸ்டேட் வேலையை விட்டுவிட்டு வந்தேன்.

படத்துக்கு உட்காருகிற வேலை உங்களுக்கு எப்படி வந்தது என்று நினைத்துப் பார்க்கிறேன். எத்தனையோ வருஷம் எஸ்டேட்டில் சில்வர் ஓக் மரத்தில் ஒற்றை மூங்கில் ஏணியைச் சாத்தி மிளகு பறித்த ஆள். முழங்கால் போன பிறகு காலேஜில் தோட்ட வேலைக்குச் சேர்ந்தீர்கள். ஒருநாள் குத்துக்காலிட்டு அரிவாள் தீட்டிக்கொண்டிருந்தபோது படம் சொல்லிக்கொடுக்கிற மேடம் வந்து பக்கத்தில் நின்றாராம். "ஐயா, இதே மாதிரி எங்க வகுப்புல வந்து உட்காருவீங்களா? பசங்க வரையணும்" என்றாராம்.

அன்று சாயங்காலம் அதைச் சொன்னபோது நான் சிரித்த சிரிப்பில் அடுப்பே அணைந்துவிடும் போல இருந்தது.

"உங்களையப் போயி யாருங்க வரைவாங்க? வேற ஆளே கெடைக்கலையாமா?"

"கொழுகொழுன்னு இருக்கறவனெல்லாம் படத்துக்கு ஆவாதாம். எலும்பும் நரம்பும் தெரியறவன்தான் வேணுமாம். பாத்துக்க, என்ற ஒடம்புக்கும் ஒரு காலம் வந்துச்சு."

ஆடி மாசம் தொடங்கினீர்கள். வாரம் இரண்டு நாள். இடுப்பில் வேட்டி, மேலே ஒன்றுமில்லாமல் மேடையில் உட்கார வேண்டும். உங்கள் பாதத்தைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டுவிடுவார்கள். டீ குடித்துவிட்டு வந்தால் அந்தக் கோட்டுக்குள்ளேயே பாதத்தைத் திரும்ப வைக்க வேண்டும். "செருப்புக் கடைல அளவு எடுக்கறாப்பல" என்று சொல்வீர்கள். "ஒருநாளு நீயும் வந்து பாரேன், முப்பது புள்ளைங்க கண்ணு வாங்காமப் பாக்குது" என்று கூப்பிட்டீர்கள். எத்தனை தடவை கூப்பிட்டீர்கள். நான் என்ன சொன்னேன் என்பது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

"உங்க ஒடம்ப நான் பாக்காததா? முப்பது வருசமாப் பாத்துட்டுத்தான இருக்கறேன். நான் எதுக்கு அங்க வந்து பாக்கணும்?"

ஐப்பசியில் மகளுக்கு வளைகாப்புப் போட்டுக் கூட்டி வந்தோம். அதற்குப் பிறகு நான் வேறு எதையும் பார்க்கவில்லை. அவளுக்குக் கால் வீங்குகிறதா, தலை சுற்றுகிறதா, இதுதான் என் வேலை. மார்கழியில் பேத்தி பிறந்தாள். எடை பத்தவில்லை என்று டாக்டரம்மா சொன்னதிலிருந்து அவளைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பேன். இன்றைக்கு நேற்றைவிடக் கொஞ்சம் கனம் என்று சொல்வேன். நீங்கள் ஸ்வெட்டரும் மப்ளருமாக அடுப்போரத்தில் உட்கார்ந்து, "ஆமாமா, பூசணிக்காயாட்டம் ஆயிட்டா" என்பீர்கள். அவள் ஒரு சுற்றுப் பெருத்ததை நாள் தவறாமல் பார்த்தேன். நீங்கள் ஒரு சுற்று இளைத்ததைப் பார்க்கவில்லை.

தை பிறந்து நாலைந்து நாள் இருக்கும். சுருட்டிய தாள் ஒன்றை அக்குளில் வைத்துக்கொண்டு வந்தீர்கள். பிரித்தால் உங்கள் படம். மேலே துண்டு போட்டு, கன்னம் நிறைந்து, தோள் நிமிர்ந்து, லேசாகச் சிரிக்கிற மாதிரி.

"எப்படி இருக்கறேன் பாரு. மாப்பிள்ளையாட்டம் இல்ல?"

"மாமனாராட்டம் இருக்கறீங்க. நொம்ப நல்லாத்தான் போட்டிருக்குது அந்தப் புள்ள" என்றேன். மகளும் வாங்கிப் பார்த்தாள். சாமி படத்துக்குப் பக்கத்தில் நீங்களே ஆணி அடித்து மாட்டினீர்கள்.

மாசிக் கடைசியில் ஒருநாள் காலையில் எழுந்திருக்க முடியவில்லை. சேலத்துக்குக் கொண்டுபோனோம். வயிற்றில் இருந்த கட்டி முற்றிப்போய்விட்டது என்றார்கள். அந்த டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இத்தனை நாள் என்னம்மா பண்ணிட்டிருந்தீங்க?" என்று கேட்டார். "போன வாரம்தானுங்க வயித்து வலின்னு சொன்னாரு" என்றேன். அவர் நம்பவில்லை. நான் பொய் சொல்லவில்லை. பங்குனி பாதியில் நீங்கள் போய்விட்டீர்கள். உங்களுக்கு வேறு போட்டோ சரியாக இல்லை, ரேஷன் கார்டில் இருக்கிறதைப் பெரிசு பண்ணினால் புகை மாதிரி வருகிறது. அந்தப் படத்துக்கே கண்ணாடி போட்டு மாலை போட்டேன். பதினாறாம் நாளுக்கு வந்த உங்கள் ஊர் வாழவந்திச் சனம், "இது எப்ப எழுதுனதுங்க? கல்யாணத்தப்பவா?" என்று கேட்டது. இந்தத் தைமாசம்தான் என்றேன். அவர்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை.

திறப்பு விழாவுக்குப் பத்து நாள் முன்னால் கொட்டகையில் இருந்த சாமானை எல்லாம் புதுக் கட்டடத்துக்கு மாற்றினோம். என்னோடு வந்தவள் நிவேதா. உங்கள் படத்தை எழுதிக்கொடுத்த பெண். சேலத்துப் பிள்ளை, ஒல்லியாக, கண்ணாடி போட்டிருப்பாள். சட்டம் போட்ட படங்களைப் பேப்பரில் சுற்றி இரண்டிரண்டாகத் தூக்கிக்கொண்டு போனோம். படியில் ஏறும்போது ஒன்றின் பேப்பர் கிழிந்துவிட்டது. உள்ளே ஒரு கிழவர். விலா எலும்பை எண்ணிவிடலாம். கழுத்துக் குழியில் தண்ணீர் ஊற்றினால் நிற்கும். கன்னம் உள்ளே போய், கண் மட்டும் பெரிசாக இருக்கிறது.

"இது யாரு கண்ணு? பாவம், சோறு தண்ணி இல்லாமக் கெடந்த ஆளாட்டம் இருக்குது. எங்கிருந்து கூட்டியாந்தீங்க?" என்று கேட்டேன்.

அவள் படத்தை என் கையிலிருந்து வாங்கப் பார்த்தாள்.

"என்ன சாமி, ஒனக்குச் சொந்தக்காரங்களா?"

"அம்மா… இது ஐயாதாங்க."

நான் கீழே பார்த்தேன். இடது கால் சுண்டுவிரல் பாதிதான் இருந்தது. எஸ்டேட்டில் காப்பிச் செடி கவாத்து வெட்டும்போது கத்தி பட்டுப் போன விரல். நான்தான் மஞ்சள் வைத்துக் கட்டினேன். முகத்தைப் பார்த்து எனக்குத் தெரியவில்லை. காலைப் பார்த்துத்தான் தெரிந்தது. படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டுக் கீழே இறங்கிப் போனேன்.

மறுநாள் அவளாகவே வந்தாள். வராந்தாவில் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"எங்க ஊட்ல மாட்டியிருக்கறதும் நீ போட்டதுதான கண்ணு?"

"நான்தாங்கம்மா."

"அதுல நல்லாத்தான இருந்தாரு?"

"அவருதாங்க அப்படிப் போடச் சொன்னாரு. வகுப்புல இருக்கறத இருக்கறபடி போட்டுக்க, மார்க்கு வேணுமில்ல, ஊட்டுக்குக் கொண்டுபோறதுக்கு மட்டும் கன்னத்தக் கொஞ்சம் நெறைச்சுப் போடு கண்ணு, தோளையுந் தூக்கிப்புடுன்னாரு. ஊட்ல பச்சப்புள்ளக்காரி இருக்கறா, பயந்துக்குவாங்கன்னாரு. ஆஸ்பத்திரிக்குப் போங்கய்யான்னு நான் ரெண்டு மூணு வாட்டி சொன்னேங்கம்மா. பேத்திக்கு மூணு மாசம் முடியட்டும், போறேன்னாரு. நான் உங்ககிட்ட வந்து சொல்லியிருக்கணும்."

அவளுக்கு இருபது வயசு. தேம்பித் தேம்பி அழுதாள். தலையைத் தடவி விட்டிருக்க வேண்டும். என்னால் முடியவில்லை. கை எழவில்லை.

இப்போது எல்லாம் புரிகிறது. இந்த மலையில் ஐப்பசி வந்தால் ஸ்வெட்டர், அதற்கு மேல் கம்பளி. குளிப்பதும் வெந்நீர் அண்டாவுக்குப் பக்கத்தில் கதவைச் சாத்திக்கொண்டுதான். ஊட்டு ஆம்பிளை உடம்பை ஊட்டுப் பொம்பிளை பார்க்க மாசக்கணக்காகும். நம் ஊரில் யாருக்கும் இது புதுசில்லை. நீங்கள் சட்டையைக் கழற்றிய ஒரே இடம் அந்த வகுப்புதான். நான் போய்ப் பார்க்க மாட்டேன் என்று சொன்ன இடம்.

இரண்டு நாள் கழித்து மேடம் வந்தார். நிவேதா ஆடியிலிருந்து உங்களை வரைந்த பதினோரு படத்தையும் திறப்பு விழாவுக்கு மேல்மாடி அறையின் நீண்ட சுவரில் மாட்ட வேண்டுமாம். "நீங்க சம்மதிச்சாத்தான் மாட்டுவோம். வேண்டாம்னா எல்லாத்தையும் உங்க கையிலயே குடுத்துடறோம்" என்றார். எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்தது என்று தெரியவில்லை.

"முப்பது புள்ளைங்க. வாரம் ரெண்டு நாளு. கண்ணு வாங்காமப் பாத்தீங்களே மேடம். ஊட்டம்மாவக் கூப்புட்டு ஒரு வார்த்தை சொல்லோணும்னு ஒருத்தருக்குங்கூடத் தோணலீங்களா?"

அவர் சொன்னார்: "தோள் இறங்கினது எனக்குத் தெரிஞ்சுதும்மா. ஐயா, தோளைக் கொஞ்சம் தூக்குங்கன்னு சொன்னேன். தூக்கினார். அதோட விட்டுட்டேன்."

அவர் அதை மறைத்திருக்கலாம், மறைக்கவில்லை. ஆனாலும் நான் இரங்கவில்லை. "எல்லாத்தையும் குடுத்துருங்க. அடுப்புல வெச்சர்றேன்" என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டுப் போனார்.

உங்கள் தம்பிக்கு எப்படியோ சேதி போய்விட்டது. வாழவந்தியிலிருந்து வண்டி எடுத்துக்கொண்டு வந்து நின்றார்.

"அண்ணி, அண்ணன வெறும் மேலோட மாட்டி வெச்சு ஊரு சிரிக்கோணுமா?"

"கோயில் நோம்பிக்குச் சாமி தூக்கறப்ப உங்கண்ணன் சட்டை போட்டுட்டா தூக்குனாரு?"

"அது வேற, இது வேற."

"என்ன வேற? அப்பவும் ஊரே நின்னு பாத்துச்சு."

அடுப்பில் வைக்கப் போகிறேன் என்று மேடத்திடம் சொன்னவள், உங்கள் தம்பியிடம் ஏன் அப்படி மல்லுக்கு நின்றேன் என்று எனக்கே தெரியவில்லை. அவர் கோபித்துக்கொண்டு காப்பிகூடக் குடிக்காமல் போனார்.

அவர் போன பிறகு மகள் பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு உங்கள் படத்துக்கு முன்னால் நின்றாள். "தாத்தா பாரு, தாத்தா" என்றாள். குழந்தை கையை நீட்டியது. அந்தப் பதினொன்றையும் எரித்துவிட்டால் இது ஒன்றுதான் மிஞ்சும். அவள் பிறந்த மாசத்தில் தாத்தா இப்படிக் கன்னம் நிறைய இருந்தார் என்று நான் அவளுக்குக் கடைசி வரைக்கும் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். அப்படி ஒரு ஆள் இருக்கவே இல்லை. அவள் பிறந்த மாசத்தில் இருந்த ஆள் வேறு. அவள் பயப்படக்கூடாது என்று, அவள் அம்மா பயப்படக்கூடாது என்று, நான் பயப்படக்கூடாது என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஆள். அவர் இருந்ததற்கு அந்தப் பதினோரு தாள்தான் சாட்சி.

மறுநாள் மேடத்திடம் போய், மாட்டுங்கள் என்றேன். மூன்று விஷயம் சொன்னேன். வரிசை மாறக்கூடாது, முதலில் போட்டது முதலில், கடைசியில் போட்டது கடைசியில். பார்க்கக் கஷ்டமாக இருக்கிறது என்று எதையும் விடக்கூடாது. கீழே ஒட்டுகிற சீட்டில் வெறுமனே 'முதியவர்' என்று அச்சடித்திருந்தார்கள். பேரைப் போடுங்கள் என்று உங்கள் பேரை, மாமனார் பேரோடு சொன்னேன். மேடம் எழுதிக்கொண்டு, "மாலை போட்டு ஒரு விளக்கும் வெச்சிடலாமா?" என்று கேட்டார்.

"வேண்டாங்க மேடம். வேலை செஞ்சுட்டிருக்கற ஆளுக்கு யாராச்சும் மாலை போடுவாங்களா? அவரு அங்க வேலைக்குத்தானுங்க வந்தாரு."

திறப்பு விழா நடந்தது. பெரிய பெரிய ஆட்கள் வந்தார்கள். உங்கள் தம்பியும் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு வந்துவிட்டார். முதல் படத்துக்கு முன்னால் நின்று யாரோ கண்ணாடி போட்டவரிடம், "மெளகு மரத்துல ஏறுன முதுகுங்க இது. எங்கண்ணன்" என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். அதற்கு அந்தப் பக்கம் அவர் போகவில்லை என்று நிவேதா சொன்னாள். நான் மேலேயே ஏறவில்லை. கீழே டீ டம்ளர் கழுவிக்கொண்டிருந்தேன்.

மறுநாளிலிருந்துதான் பார்க்கிறேன். யாரும் வருவதற்கு முன்னால், காலையில், ஒரு நாளைக்கு ஒரு படம். அதற்கு மேல் தாங்காது. ஒவ்வொன்றின் கீழ் மூலையிலும் அந்தப் பெண் தேதி போட்டிருக்கிறாள். அந்தத் தேதியில் நான் எங்கே இருந்தேன், என்ன செய்தேன் என்று யோசித்து எடுக்கிறேன். முதல் நாலில் நீங்கள் நன்றாகத்தான் இருக்கிறீர்கள். மூன்றாவதில் சிரிப்பை அடக்குகிற மாதிரிகூட இருக்கிறது. நான் அப்போது எஸ்டேட்டில் களை வெட்டிக்கொண்டிருந்தேன். ஐந்தாவது, மகளைக் கூட்டி வந்த வாரம். கழுத்தெலும்பு அதில்தான் முதலில் தெரிகிறது. அந்த வாரம் நான் அவளுக்காக ஏற்காட்டில் நல்ல ஆரஞ்சு தேடி அலைந்தேன். ஏழாவது, பேத்தி பிறந்து மூன்றாம் நாள். இன்றைக்கு வகுப்புக்குப் போக வேண்டாம் என்றேன், பிள்ளைகள் காத்திருக்கும் என்று போனீர்கள்.

இன்றைக்கு எட்டாவது. தூரத்தில் இருந்து பார்த்தால் இடது கை சும்மா மடியில் கிடக்கிற மாதிரி இருக்கிறது. கிட்டத்தில் போனால், கட்டைவிரல் வயிற்றை அமுக்கிப் பிடித்திருக்கிறது. பொங்கலுக்கு முந்தின வாரத்துத் தேதி. அன்றைக்கு ஊட்டுக்கு வந்து, "பசியில்ல, மேடம் பன்னு வாங்கிக் குடுத்தாங்க" என்றீர்கள். "நல்லதாப் போச்சு, எனக்கு ஒரு வேலை மிச்சம்" என்று நான் சொன்னேன். திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னேன்.

உங்கள்மேல் கோபம் இருக்கிறது. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மகளைக் கூட்டி வந்ததும் குழந்தை வந்ததும் நல்ல காரியம்தான், ஆனால் என்னை எதற்கு விட்டுவிட்டுத் தனியாக உட்கார்ந்தீர்கள்? என்மேலும் கோபம் இருக்கிறது. எது பெரிசு என்று தெரியவில்லை. இரண்டும் இறங்கவும் இல்லை. சோறாக்கும்போதும் பஸ்ஸிலும் மாடிப்படி ஏறும்போதும் கூடவே வருகிறது. வரட்டும். கோபத்தோடும் பார்க்கலாம்.

இன்னும் மூன்று இருக்கிறது. பத்தாவதை அன்றைக்கு ஆள் தெரியாமல் பார்த்துப் பாவம் என்று சொன்னேன். இனி ஆள் தெரிந்து பார்க்க வேண்டும். பதினொன்றுக்கு எத்தனை நாள் ஆகும் என்று சொல்ல முடியாது. என்னை அவசரப்படுத்தாதீர்கள்.

நாளைக்கு ஒன்பதாவது.